மலையில் தொடங்கும் கடல் வரலாறு

கொச்சியில் அரபிக்கடலோரம் புறப்படும் ஒரு தேசிய நெடுஞ்சாலை, நேரியமங்கலத்தில் பெரியாற்றைத் தாண்டி, அடிமாலி, பள்ளிவாசல், மூணாறு என்று மேற்குத்தொடர்ச்சி மலையேறி, போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. போடி, தேனி, மதுரை, சிவகங்கை கடந்து தொண்டியில் மறுபடியும் கடலைத் தொடுகிறது. இப்போது அதன் எண் 85. முன்பு 49ஆக இருந்தபோது அது தனுஷ்கோடி வரை போனது. மலையில் இன்னமும் பலர் அதைக் ‘கொச்சி–தனுஷ்கோடி ரோடு’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு முனையில் அரபிக்கடல், மறுமுனையில் பாக் விரிகுடா, நடுவில் தேயிலைத் தோட்டமும் மின்நிலையமுமாகப் பள்ளிவாசல்.

துறைமுகங்களையும் கப்பல்களையும் பற்றி எழுத வந்தவன் மலையில் நிற்பதற்குக் காரணம் உண்டு. நம்முடைய கடல் வரலாறு பெரும்பாலும் கரையில் தொடங்கிக் கடலைப் பார்த்தபடியே போகிறது. எந்த மன்னன் எத்தனை மரக்கலம் வைத்திருந்தான், எந்தக் கம்பெனி எந்த ஆண்டு கோட்டை கட்டியது, கலங்கரை விளக்கம் எப்போது எழுந்தது என்று அடுக்குகிறோம். கப்பலில் ஏறிய சரக்கு எங்கே விளைந்தது, அதை யார் சுமந்து வந்தார்கள், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே யார் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்ற கேள்விகள் அந்தப் பக்கங்களில் அபூர்வமாகத்தான் வருகின்றன. பாதி வரலாற்றை வைத்துக்கொண்டு முழு வரலாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குறை. தூத்துக்குடியையும் மூணாறு மலையையும் சேர்த்துப் பார்த்தால் அது விளங்கும்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து, மூணாற்றைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சிங்கோனா, காபி என்று பல பயிர்களைச் செய்து பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானபோது, அதன் பின்னால் இருந்தது கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம். மலை திருவிதாங்கூருக்குச் சொந்தம். ஆனால் மேற்கே கொச்சிப் பக்கம் இறங்க, பெருங்காட்டையும் பேராறுகளையும் கடக்க வேண்டும். கிழக்கே பார்த்தால் மலை செங்குத்தாகச் சரிந்து போடிச் சமவெளியில் முடிகிறது. கூலியாட்கள் வந்ததும் அரிசி வந்ததும் அந்தக் கிழக்குப் பக்கத்திலிருந்துதான். ஆகவே தேயிலையும் அந்த வழியாகவே இறங்கியது.

அந்த வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியின் எடையில் பெரும்பங்கைப் பாதையோரம் பதித்த ஒரே தண்டவாளம் தாங்கும். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தவை காளைகள். 1908இல் அது இரண்டடி அகலக் குறும்பாதையாக மாறி நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கியது. பாதை முடிந்த இடம் மலையின் விளிம்பு. அதன் பெயர் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிய பெட்டிகள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே, கொட்டகுடியை ஒட்டிய பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கின. நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். இந்தப் பெயர்கள் இன்றும் தேனி மாவட்டத்து வாய்மொழியில் அப்படியே இருக்கின்றன. பாட்டம் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான். அதற்கு முன்பு வண்டிகள் மேலும் கிழக்கே அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம் வரை போயின. அங்கே ரயிலேறிய பெட்டி, மதுரை வழியாகத் தூத்துக்குடியில் இறங்கியது.

இதே வழியில் எதிர்த்திசையிலும் சரக்கு ஏறியது. பிரிட்டனில் வார்த்த தேயிலை இயந்திரங்கள் கப்பலில் வந்து கம்பிவடத்தில் தொங்கி மலையேறின. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் அரிசியும் அப்படித்தான் ஏறியது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, மேகத்துக்குள் கிடந்த ஒரு மலைநிலம் தூத்துக்குடித் துறையை நம்பியே உயிர்வாழ்ந்தது. அந்தத் துறையின் ஏற்றுமதியிலும் மலைக்கொழுந்துக்குப் பங்கிருந்தது.

தூத்துக்குடிக்கு வந்த பெட்டி நேரே கப்பலில் ஏறிவிடவில்லை. அங்கே கரையோரக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்து மைல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். 1876இல் ரயில் வந்த பிறகும், சென்னையிலிருந்து கொழும்பு போகும் பயணிகள் தூத்துக்குடியில்தான் கப்பலேறினார்கள் என்றபோதும், பெரிய கப்பல் அணையும் மேடை அங்கே இல்லை. நடுவில் இருந்தது தோணி. பஞ்சுப் பொதி, வெங்காயம், ஆடுமாடு, தேயிலைப் பெட்டி என எதுவானாலும் தோணியில் ஏறி, அலையில் ஆடியபடி கப்பலின் விலாவை அடைய வேண்டும். தேயிலை அதில் மிகவும் தொல்லை பிடித்த சரக்கு. ஈரம் பட்டால் கெடும். பக்கத்தில் இருக்கும் பொருளின் வாடையை உறிஞ்சிவிடும். அதனால்தான் பெட்டிக்குள் ஈயத்தகடு பொதிந்தார்கள். கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காமல், அலை தெறிக்காமல் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த திறமை தோணிக்காரருடையது.

தூத்துக்குடித் தோணியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம். வரைபடம் எதுவும் தாளில் போடாமல், கைக்கணக்கில் ஓடாவிமார் என்ற மரக்கலத் தச்சர்கள் கட்டிய மரக்கலம் அது. அதைச் செலுத்தும் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த தலைமுறைகள் அந்தக் கரையில் இருந்தன. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகள் இன்றும் போகின்றன, இப்போது எஞ்சினுடன். தென்மேற்குப் பருவக்காற்று பலக்கும் மாதங்களில் கட்டிப்போட்டுவிடுவார்கள். நவீனத் துறைமுகங்களின் காலத்திலும் மரக்கலத்தால் வெளிநாட்டு வணிகம் நடக்கும் வெகுசில இடங்களில் ஒன்று தூத்துக்குடி. அந்தத் தொழில்நுணுக்கம் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

இதே கடலில், இதே ஆண்டுகளில்தான் வ.உ.சிதம்பரனாரின் கப்பல் ஓடியது. 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. கட்டணத்தைத் தரைமட்டத்துக்குக் குறைத்தது, கடைசியில் பயணிகளுக்கு இலவசமாகக் குடையும் கொடுத்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், ஜூலையில் தீர்ப்பு, 1912 டிசம்பரில் விடுதலை ஆகும்போது கம்பெனி ஏற்கெனவே கலைந்திருந்தது. இந்தக் கதை தமிழர்களுக்குத் தெரியும். ஆ.இரா.வேங்கடாசலபதியின் நூல் அதை ஆவணங்களோடு உலகுக்கே சொல்லிவிட்டது.

நான் சேர்க்க விரும்புவது மலைப்பக்கத்தை. கப்பல் கம்பெனி தேசபக்தியால் மட்டும் ஓடாது. நிரந்தரச் சரக்கு வேண்டும். தென்கோடியில் ஆண்டு முழுவதும் நிச்சயமாக ஏற்றுமதியாகும் சரக்கு யாரிடம் இருந்தது? தோட்டங்களையும் ஆலைகளையும் வைத்திருந்த ஐரோப்பிய நிறுவனங்களிடம். மூணாற்றுத் தேயிலைக்குப் பின்னால் இருந்த ஃபின்லே நிறுவனமே இந்தியாவில் கிளான் லைன் கப்பல்களுக்கு ஏஜென்டாக இருந்தது. கொழுந்து கிள்ளும் தோட்டம், பெட்டி கட்டும் ஆலை, கடல் கடத்தும் கப்பல் ஏஜென்சி எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுசெல்லும் போக்குவரத்தும் அந்த வட்டத்தின் தேவைக்காகவே நடந்தது. வ.உ.சி. எதிர்த்து நின்றது ஒரு கப்பல் கம்பெனியை என்று படிக்கிறோம். மலையுச்சியிலிருந்து லண்டன் ஏலக்கூடம் வரை நீண்ட ஒரு சங்கிலியை அவர் எதிர்த்தார் என்று படித்தால்தான், அந்த எதிர்ப்பின் அளவும் அது நசுக்கப்பட்ட வேகமும் புரியும். சிறுவணிகர்களும் பயணிகளும் தம் பக்கம் நின்றபோதும் சுதேசிக் கப்பலால் ஏன் நீடிக்க முடியவில்லை என்பதற்கான விடையில் ஒரு பகுதி இந்த மலைகளில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மலைக்கும் தூத்துக்குடிக்கும் இருந்த அந்த உறவை அறுத்தது மழை. 1924 ஜூலையில் பெய்த பெருமழையைக் கேரளம் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று நினைவில் வைத்திருக்கிறது. கொல்லம் ஆண்டு 1099. மூணாறு நகரம் அழிந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை அடியோடு போனது. பிறகு கட்டப்படவே இல்லை. பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலை நிறுவனத்தின் அலுவலகம். 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் திறந்தபின் மலை மெல்ல மேற்கே முகம் திருப்பியது.

அங்கே கொச்சி தயாராகிக்கொண்டிருந்தது. 1920இல் வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், காயலின் வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி வழிசெய்தார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவு எழுந்தது. தூத்துக்குடியில் தோணி செய்த வேலைக்குக் கொச்சியில் தேவை இல்லாமல் போயிற்று. அதுவும் ஒரு வரலாற்றுத் திருப்பம்: ஒரு துறையின் ஆழம், வெகுதூரம் தள்ளியிருந்த மலையின் தேயிலை எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. தூத்துக்குடியில் புதிய துறைமுகம் 1974இல் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபோது, மூணாற்றுச் சரக்கு கொச்சிக்குப் பழகி வெகுகாலம் ஆகிவிட்டது.

கொச்சித் துறையே மலைமழையின் படைப்பு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறையை மண்ணால் மூடி, தெற்கே கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வைப்பின் தீவு உருவானதும் அந்த வெள்ளத்தில்தான் என்பார்கள். அதைத் தொடக்கமாக வைத்துப் ‘புதுவைப்பு’ என்று ஓர் ஆண்டுக்கணக்கே அங்கு வழங்கியது. ரோமானியக் கப்பல்கள் மிளகுக்காக வந்து நின்ற துறையை ஒரே மழைக்காலம் வரைபடத்திலிருந்து அகற்றிவிட்டது என்பதே அந்தக் கருத்தின் சாரம். மூணாற்றில் பெய்யும் மழை முதிரப்புழை ஆறாகப் பள்ளிவாசலைக் கடந்து பெரியாற்றில் விழுகிறது. அந்தப் பெரியாறு கொண்டுவரும் வண்டலை அள்ளிக்கொண்டே இருப்பதுதான் கொச்சித் துறைமுகத்தின் ஓயாத செலவு. 2018 ஆகஸ்டில் பள்ளிவாசல் பகுதியிலும் மலை சரிந்தது. சரிந்த மண் போய்ச் சேரும் இடம் கடல்தான். மலைச்சரிவில் கண்டபடி கட்டடம் எழுப்ப அனுமதிப்பவர்கள் துறைமுகத்தின் எதிர்காலத்திலும் கைவைக்கிறார்கள் என்பதை எந்தத் துறைமுகத் திட்ட அறிக்கையாவது எழுத வேண்டும்.

பள்ளிவாசலின் பங்கு இதோடு முடியவில்லை. முதிரப்புழையின் நீரைத் திருப்பிச் சுரங்கத்திலும் குழாயிலும் இறக்கி, 1940 மார்ச்சில் திருவிதாங்கூர் அரசு மின்நிலையத்தை இயக்கியது. திவான் சி.பி.ராமசுவாமி ஐயரின் காலம் அது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் இதுவே. பின்னர் அந்த நிலையத்தின் திறன் 37.5 மெகாவாட்டாக உயர்ந்தது. உலகப்போர் நடுவில் ஆலுவாவுக்கு அருகே அலுமினிய உருக்காலை 1943இல் வேலை தொடங்கியதும், பின்னர் ஏலூரில் உரத்தொழிற்சாலை வந்ததும் இந்த மின்சாரத்தை நம்பித்தான். அதே ஆண்டுகளில் கொச்சியில் கடற்படைத் தளம் விரிந்தது. இன்றைய தெற்குக் கடற்படைத் தலைமையகம் அதன் தொடர்ச்சி. 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல், கொச்சிக் கப்பல்கட்டும் தளத்தில் உருவானது. இப்படியொரு கப்பலைக் கட்டும் நகரமாகக் கொச்சி வளர்ந்ததற்குப் பின்னால் துறைமுகம் மட்டும் இல்லை. பெரியாற்றங்கரைத் தொழில்வளமும் அதை முதலில் இயக்கிய மலைமின்சாரமும் இருக்கின்றன.

இனி மனிதர்கள். தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்சேர்த்தது திருநெல்வேலி, மதுரை வட்டாரங்களின் வறண்ட கிராமங்களில். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். தலைமுறைகள் கடந்தும் அதே லயம், அதே செக்ரோல் வருகைப் பதிவேடு. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, போனஸும் கூலியும் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோதுதான் கேரளத்தின் பல பகுதிகள் அவர்களை முதன்முதலாகப் பார்த்தன. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அன்று பிறந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதி. அந்தச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அது துறைமுகத்தோடு தொடர்புடைய செய்தியாகத் தோன்றியிருக்கும்? தூத்துக்குடிச் சீமையில் மழை பொய்த்த கிராமத்திலிருந்து மலையேறிய குடும்பம் பறித்த கொழுந்து, தூத்துக்குடித் துறைக்கே வந்து தோணியேறிக் கப்பல் சேர்ந்தது. பறித்தவர் திரும்பி வரவில்லை.

குஜராத்தின் லோத்தலில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் உருவாகி வருகிறது. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் தென்கோடிக் கடலின் கதையைக் குஜராத்தில் ஒரு அரங்கில் அடக்கிவிட முடியாது. வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகம் இருக்கும் தூத்துக்குடியில், தோணி கட்டும் ஓடாவிகள் உயிரோடிருக்கும்போதே, ஒரு முழுமையான கடல்சார் அருங்காட்சியகம் வேண்டும். அங்கே சுதேசிக் கப்பலின் மாதிரியும் பங்குப் பத்திரமும் இருப்பதோடு, ஓர் உண்மையான தோணியும், அதைக் கட்டும் முறையின் ஒளிப்பதிவும், தண்டல்மார் சொல்லும் காற்றுக்கணக்கும் நட்சத்திரக்கணக்கும் இடம்பெற வேண்டும். மலையிலிருந்து துறைக்கு வந்த பாதை ஒரு பெரிய சுவர் முழுக்க வரையப்பட வேண்டும். இலங்கைக்குப் போனவர்களை அடைத்துவைத்த தட்டப்பாறை முகாமும் அந்தக் கதையில் வர வேண்டும்.

டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது; அதற்குப் போகும் சாலை கேரளத்தினுடையது. விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே நின்று பள்ளத்தாக்கைப் படமெடுக்கிறார்கள். தாங்கள் நிற்கும் இடம் ஒரு துறைமுகத்தின் மேல்முனை என்று சொல்ல அங்கே முறையான ஒரு பலகையாவது இருக்க வேண்டும். கம்பிவடத்தின் எச்சங்களை அளந்து, படமெடுத்து, பாதுகாக்கப்பட்ட தொழில்வரலாற்றுச் சின்னமாக இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் சேர்ந்து அறிவிக்கலாம். முல்லைப்பெரியாறு அணை விஷயத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு அரசுகள், சச்சரவுக்கே இடமில்லாத இந்த வேலையிலாவது ஒன்றுசேரட்டும். மூணாறு நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் 2005இலிருந்து இயந்திரங்களைக் காட்டி வருகிறது. இயந்திரங்களை இயக்கியவர்களின் பெயர்களையும் காட்டும் இடம் ஒன்று வேண்டும்.

போடிக்கு அகலப்பாதை ரயில் 2023 ஜூன் 15 அன்று திரும்பி வந்தது. ஏலக்காய் ஏலம் இன்றும் போடியில் நடக்கிறது. மலைச்சரக்கு இன்றும் அந்த ஊர் வழியாகக் கடல்கடந்து போகிறது. ஆகவே இது செத்துப்போன பாதையின் கதை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கரையிலும் கதை தொடர்கிறது. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 பெட்டகங்களோடு கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைப் பொறுக்கியவர்களும் மீன்பிடி இழந்தவர்களும் கரைவாழ் மக்கள். துறைமுகங்கள் பெரிதாகிக்கொண்டே போகும் காலம் இது. அவற்றால் யார் வாழ்கிறார்கள், யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கணக்கைப் பழைய துறைமுகங்களுக்கே நாம் எழுதி முடிக்கவில்லை.

அரசுகள் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். தூத்துக்குடி, தேனி, இடுக்கி மாவட்டங்களில் இதைப் படிக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டி காலத்துச் செக்ரோல் சீட்டு, கங்காணிக் கணக்கு, தோணி உரிமக் காகிதம், கொழும்புப் பயணச்சீட்டு, துறைமுகத்தில் எடுத்த புகைப்படம் எதுவானாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்துக்கோ, உங்கள் ஊர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ ஒரு நகலாவது கொடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், அவர் எந்த லயத்தில் பிறந்தார், எந்தத் தோணியில் வேலை செய்தார் என்று கேட்டுக் கைபேசியில் பதிவுசெய்து வையுங்கள்.